பெரிய திரைக்குக் கூடுதல் காசு தகுமா? கொழும்பிலிருந்து ஒரு கணக்கு

தியேட்டரில் உங்கள் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை முழங்கை மடங்காமல் முன்னால் நீட்டி, முஷ்டியை இறுக்கிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அந்த முஷ்டி எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். நீட்டிய கையில் ஒரு முஷ்டியின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 10 பாகை. பெரியவர், சிறியவர் என்று அதிகம் மாறாது. கை குட்டையானால் முஷ்டியும் சிறியதாகவே இருக்கும். மூன்று முஷ்டி என்றால் திரை உங்கள் பார்வையில் 30 பாகையை நிரப்புகிறது. ஐந்துக்கு மேல் போனால் உங்கள் கவனம் முழுவதையும் திரையே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

பெரிய திரைக்கென்று கொடுக்கும் கூடுதல் டிக்கெட் காசு, ஆட்டோக் காசு, காலி வீதி நெரிசலில் போகும் ஒரு மணித்தியாலம் எல்லாவற்றுக்கும் ஈடாக முதலில் கிடைப்பது இந்த எண்ணிக்கைதான். திரை எத்தனை அடி அகலம் என்பது விளம்பரத்துக்கு உதவும். உங்கள் கண்ணுக்கு எத்தனை பாகை என்பதை நீங்கள் வாங்கும் இருக்கைதான் முடிவு செய்கிறது.

கணக்கு இலகுவானது. திரையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தால் 28 பாகை. ஒன்றரை மடங்கில் 37. திரை அகலமும் தூரமும் சமமானால் 53. முக்கால் மடங்கில் 67. இதை வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 55 அங்குல டிவியை எட்டு அடி தள்ளியிருந்து பார்த்தாலும் அதே 28 பாகைதான். அதாவது, எவ்வளவு பெரிய ஹாலானாலும் இரண்டு மடங்கு தூரத்துக் கடைசி வரிசையில் இடம் பிடித்தவருக்கு, கோணத்தைப் பொறுத்தவரை, வீட்டுக் கூடத்தில் இருப்பதைவிட அதிகமாக எதுவும் கிடைக்காது.

இரண்டு ஹால்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 45 அடித் திரை, நீங்கள் 50 அடி தள்ளி நடுவில். மற்றதில் 75 அடித் திரை, நீங்கள் 130 அடி தள்ளிக் கடைசி வரிசையில். முதலாவதில் 48 பாகை கிடைக்கிறது, இரண்டாவதில் 32. சின்ன டிக்கெட் எடுத்தவர்தான் பெரிய படம் பார்க்கிறார். சாதாரண ஹாலின் நல்ல இருக்கை, பெரிய திரை ஹாலின் மோசமான இருக்கையை எப்போதும் வெல்லும். எனவே பெரிய திரைக் காட்சியில் நடு வரிசைகள் போய்விட்டிருந்தால், மிச்சமிருக்கும் ஓரத்தை அந்த விலைக்கு வாங்காதீர்கள். இன்னொரு நாள் போகலாம், அல்லது பக்கத்து சாதாரண ஹாலில் நடு இருக்கையை எடுக்கலாம்.

ஒரே கோணம் கிடைத்தாலும் வீட்டு டிவியும் தியேட்டர் திரையும் ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இருபது அடிக்கு அப்பால் உள்ளதைப் பார்க்கும்போது கண் தளர்ந்த நிலையில் பார்க்கிறது. எட்டடியில் டிவி பார்க்கும்போது கண் வில்லை தொடர்ந்து சற்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று மணித்தியாலப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

இருக்கை பிடிப்பது

திரைப்படத் தொழில்நுட்பத்துக்கான அமெரிக்கச் சங்கமான எஸ்எம்பிடிஇ 30 பாகையைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. தியேட்டர்களுக்குத் தரச் சான்று தரும் டிஎச்எக்ஸ் கடைசி வரிசைக்கே 36 பாகை கேட்கிறது. பெரிய திரைக்கென்று காசு கொடுத்தவர் 45க்கும் 60க்கும் இடையில் உட்கார வேண்டும். அதற்கு மேல் போனால் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவரும். கழுத்துக்கு இன்னொரு எல்லை உண்டு: நேராகப் பார்க்கும் கண் மட்டத்திலிருந்து திரையின் மேல் ஓரம் 35 பாகைக்கு மேல் போகக்கூடாது. மூன்றரை முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். முன் மூன்று நான்கு வரிசைகளில் இருந்தவர்கள் இடைவேளையில் பிடரியைத் தடவிக்கொண்டு வெளியே வருவது இதனால்தான்.

போன் செயலியில் வரும் இருக்கைப் படம் அளவுக்கு வரையப்பட்டதல்ல. திரை ஒரு சின்னக் கோடாகத் தெரியும். முதல் வரிசைக்கும் திரைக்கும் உள்ள உண்மையான இடைவெளி அதில் இருக்காது. ஆனாலும் அதிலிருந்து ஒரு மதிப்பீடு எடுக்கலாம். சாதாரண இருக்கை ஒன்றுக்கு இரண்டடி, நடைபாதை ஒன்றுக்கு நாலடி என்று வையுங்கள். ஒரு வரிசையில் 20 இருக்கையும் இரண்டு நடைபாதையும் இருந்தால் ஹாலின் அகலம் ஏறத்தாழ 48 அடி. புதிய கட்டடங்களில் திரை அநேகமாகச் சுவரோடு சுவராக வருவதால் திரை 44 அடி அளவில் இருக்கும்.

வரிசைக்கும் அப்படித்தான். திரை 50 அடி, முதல் வரிசை திரையிலிருந்து 20 அடி, வரிசைக்கு வரிசை 4 அடி என்றால், 50 அடித் தூரம் எட்டாவது ஒன்பதாவது வரிசையில் விழுகிறது. பதினோராவது வரிசையில் தூரம் 60 அடி, கோணம் 45 பாகை. ஆக, எட்டிலிருந்து பதினொன்று வரை தேடலாம். கால் நீட்டிச் சாயும் சோபா இருக்கைகள் உள்ள ஹாலில் வரிசைக்கு வரிசை ஆறு ஏழு அடி போகும் என்பதால் அங்கே ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வரிசைகள்தான் அந்த இடம். 'ஏ' வரிசை சில ஹால்களில் திரைக்கு முன்னால் தொடங்குகிறது, சிலவற்றில் பின்னாலிருந்து. எழுத்தை நம்பாமல் படத்தில் திரை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே காசைக் கட்டுங்கள்.

வசனவரி வாசித்துப் பார்க்கும் படமென்றால் இரண்டு வரிசை பின்னே போங்கள். கண் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தால் பெரிய திரையின் சுகம் போய்விடும். தலைசுற்று வருகிறவர்களும் பின்னால்தான் இருக்க வேண்டும். கமெரா ஆடும் காட்சிகளில் பார்வையின் ஓரத்தில் அசையாத சுவர் கொஞ்சம் தெரிந்தால் மூளை அதைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தடவை போனதும் அந்த ஹாலின் இலக்கம், வரிசை, முஷ்டிக் கணக்கு மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். நாலைந்து ஹால்களுக்கு அப்படிக் குறித்து வைத்திருந்தால் பிறகு எந்தப் படத்துக்கும் இரண்டு நிமிடத்தில் இடம் பிடிக்கலாம்.

படம் அந்தத் திரையை நிரப்புமா?

கூடுதல் காசு வீணாகிற இன்னொரு வழி, படத்தின் உருவத்தைப் பார்க்காமல் போவது. இன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அகலத் திரைக்கு, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 2.39 என்ற விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. பெரிய, உயரமான திரைக்கென்றே உள்ள ஐமேக்ஸ் முறையில், இப்போதுள்ள டிஜிட்டல் திரைகளில் மிகப் பெரும்பாலானவை 1.90க்கு 1. 60 அடி அகலமான அத்தகைய திரையின் உயரம் 31 அடிக்கு மேல். அதில் அகலத்திரைப் படத்தைப் போட்டால் 25 அடி உயரம்தான் வரும். மேலே மூன்றடி, கீழே மூன்றடி கறுப்புப் பட்டை. திரையின் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது. உண்மையான உயரத் திரையான 1.43க்கு 1 அரங்கில் அதே படம் இன்னும் மோசம்: ஐந்தில் இரண்டு பங்கு வெறுமை.

அதே படம், பக்கச் சுவர்வரை அகன்று செல்லும் சாதாரண அகலத் திரையில் நான்கு மூலையும் நிரம்பி ஓடும். எனவே தமிழ்ப் படம் ஒன்றுக்குப் பெரிய திரைக் கட்டணம் கொடுக்கும்போது, அங்கே கிடைப்பது வெளிச்சமும் ஒலியும் நல்ல இருக்கைச் சரிவும்தான். கூடுதல் படம் எதுவும் இல்லை. அந்த மூன்றும் உங்கள் வழக்கமான ஹாலிலேயே நன்றாக இருந்தால் அங்கேயே போகலாம். 2022இல் வந்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம்தான் ஐமேக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம். அதற்குப் பிறகு நட்சத்திரப் படங்கள் பல அந்தப் பெயரோடு வருகின்றன. பெயர் போஸ்டரில் இருப்பதால் மட்டும் படம் அந்த உருவத்துக்கு எடுக்கப்பட்டது என்று ஆகாது. ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தைப் பெரிய திரைக்கென்று கூர்மையாக்கி, ஒலியைத் திருத்தித் தருவது ஒரு முறை. ஐமேக்ஸ் கமெராவிலோ அங்கீகரித்த கமெராவிலோ உயரமான சட்டகத்தில் எடுப்பது முற்றிலும் வேறு முறை. படத்தின் விளம்பரத்தில் 'ஐமேக்ஸுக்காகப் படமாக்கப்பட்டது' என்ற பொருளில் வரி இருந்தால் அது இரண்டாவது வகை.

அந்த இரண்டாவது வகையிலும் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் 152 நிமிடத்தில் ஐமேக்ஸ் கமெராவில் எடுத்தது அரை மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தக் காட்சிகள் வரும்போது பட்டை மறைந்து திரை மேலும் கீழும் திறக்கும். பின்னால் வந்த சில படங்களில் இது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுகிறது; சில முழுப்படமும் அப்படியே. பயணம் செய்து பார்க்கத் தகுந்தவை இவைதான். வானம், கடல், மலை, கூட்டம், விண்வெளி என்று உயரம் தேவைப்படும் காட்சிகள் நிறைந்த படமாக இருந்தால் தயங்க வேண்டாம். நாலு சுவருக்குள் பேச்சாக நடக்கும் குடும்பப் படத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து வெளியே போகவே தேவையில்லை.

அசையும் இருக்கை, காற்று வீசும் இருக்கை, பக்கச் சுவர்களிலும் படம் ஓடும் ஹால் ஆகியவை பெரிய திரைக் கணக்கில் சேராதவை. பிள்ளைகளுக்கு விருப்பமென்றால் அதற்காகப் போகலாம்.

வெளிச்சம்

இதைப் பற்றி ரசிகர்கள் பேசுவது குறைவு. படத்தைக் கெடுப்பதில் இதுவே முதலிடம். சாதாரண 2டி படத்துக்கு டிஜிட்டல் சினிமாத் தரம் திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கேட்கிறது. லேசர் ஐமேக்ஸ் அரங்குகள் 22 அளவுக்குத் தருவதாகச் சொல்கின்றன. 3டி வந்தால் கண்ணாடியும் வடிகட்டியும் வெளிச்சத்தை விழுங்கி, கண்ணுக்கு வருவது நாலு ஐந்தாகச் சுருங்கிவிடும்.

திரையைப் பெரிதாக்கினால் அதே விளக்கின் ஒளி அதிகப் பரப்பில் பரவ வேண்டும். 40 அடித் திரையை 60 அடியாக்கினால் பரப்பு 2.25 மடங்கு, விளக்கை மாற்றாவிட்டால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். திரையைப் பெரிதாக்கி, விளக்கை அப்படியே விட்ட ஹாலில் இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் தெரியும். புரொஜெக்டரில் போடும் செனன் விளக்குகள் சில நூறு மணித்தியாலத்திலேயே மங்கத் தொடங்கும்; லேசர் ஒளிமூலம் இருபதாயிரம் மணித்தியாலம் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த ஹாலில் லேசரா, விளக்கா?" அடுத்தது: "4கேயா, 2கேயா?" அதாவது படத்தின் அகலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளியா, இரண்டாயிரம் புள்ளியா என்று. 2கே படத்தை 53 பாகையில் பார்த்தால் ஒரு பாகைக்கு 38 புள்ளிதான் வரும், நல்ல கண் 60 வரை பிரித்தறியும். எழுத்துகளின் ஓரத்தில் படிக்கட்டுப் போலத் தெரிவது அதனால்தான். 4கேயில் அதே இடத்தில் 77 புள்ளி வருவதால் அந்தக் குறை இல்லை.

3டிக்காகப் போட்ட, வெள்ளி பூசிய திரைகளில் 2டி படம் ஓடினால் நடுவில் ஒளி குவிந்து ஓரங்கள் மங்கும். பக்க இருக்கைக்காரருக்கு ஒரு பாதி இன்னும் இருட்டாகத் தெரியும். அத்தகைய ஹாலில் நடு இருக்கை கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். 3டியையே எடுப்பதா என்று கேட்டால், அந்தப் படம் 3டி கமெராவிலோ முழுக்கக் கணினியிலோ உருவாகியிருந்தால் மட்டும் எடுங்கள். பின்னால் மாற்றப்பட்ட 3டிக்கு 2டியே மேல். காசும் மிச்சம், வெளிச்சமும் மிச்சம். பார்வைக் கண்ணாடி அணிகிறவர்கள் அதற்கு மேலே 3டி கண்ணாடியை வைக்கும்போது இரண்டையும் ஒரு மென்துணியால் துடையுங்கள். கைரேகை படிந்த கண்ணாடியில் ஒவ்வொரு விளக்கும் பஞ்சுபோல் தெரியும்.

ஒலி

டொல்பி அட்மோஸ் என்ற ஒலி முறை 2012இல் வந்தது. ஒரே நேரத்தில் 128 ஒலிக்கூறுகளை, 64 வரையான ஒலிபெருக்கி வழிகளுக்குத் தனித்தனியாக அனுப்பக்கூடியது. கூரையிலும் ஒலிபெருக்கிகள் இருக்கும். படமும் அட்மோஸில் கலக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் கூரைக்கு வேலை. நல்ல இடம் ஹாலின் நீளத்தில் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு, நடுவில். பல ஹால்களில் 45 பாகை இடமும் அதற்குப் பக்கத்திலேயே விழுவது நமக்கு வசதி. பல்கனிக்குக் கீழே உள்ள பின் வரிசைகளுக்குக் கூரை ஒலி சேராது, பாஸ் மட்டும் முழங்கும். பழைய படமாளிகைகளில் பல்கனியின் முதல் வரிசைகளே கேட்பதற்கு நல்லவை. கைக்குழந்தையோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்கள் காதுகளுக்குக் கவசம் எடுத்துச் செல்லுங்கள். பெரிய ஹாலில் சண்டைக் காட்சியின் சத்தம் பிள்ளைக் காதுக்கு அளவுமீறியது.

கொழும்பில் எங்கே, எப்போது

காலிமுகத்திடலில் வன் கோல் ஃபேஸ் கட்டடத்தில் 2019இல் திறந்த பிவிஆரில் ஒன்பது திரைகள். கொம்பனித்தெருவில் கொழும்பு சிற்றி சென்டரில் ஸ்கோப். கொள்ளுப்பிட்டியில் லிபேர்ட்டி, பம்பலப்பிட்டியில் மெஜஸ்டிக் சிற்றி, வெள்ளவத்தையில் சவோய், தெஹிவளையில் கொன்கோர்ட். பல திரைகள் உள்ள இடங்களில் ஒரே படம் ஒரே நாளில் பெரிய ஹாலிலும் ஓடும், எண்பது நூறு பேர் ஹாலிலும் ஓடும். செயலியில் நேரத்தை மட்டும் பார்த்து எடுத்தால் எந்த ஹால் விழும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு காட்சியின் இருக்கைப் படத்தையும் திறந்து, எதில் வரிசையும் இருக்கையும் அதிகம் என்று பாருங்கள். அதுதான் அந்தக் கட்டடத்தின் பெரிய ஹால். புதுப்படம் அநேகமாக முதல் வாரம் பெரிய ஹாலில் இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு படம் வந்ததும் சின்ன ஹாலுக்குத் தள்ளப்படும். பெரிய திரையில் பார்க்க நினைத்த படத்தை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்காக முதல் நாள் முதல் காட்சிக்கும் போக வேண்டியதில்லை. விசிலும் கைதட்டலும் வேண்டுமென்றால் முதல் நாள்தான். அந்தச் சுகத்துக்குத் திரை அளவு பொருட்டே அல்ல. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வாரத்தின் திங்கள் முதல் புதன் வரை, பகல் காட்சி. நடு வரிசை கிடைக்கும், பேச்சுச் சத்தம் இருக்காது, வீதியும் சும்மா கிடக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்களுக்குக் கரையோர ரயில் இருக்கிறது. கொம்பனித்தெரு நிலையத்தில் இறங்கினால் சிற்றி சென்டரும் காலிமுகத்திடலும் நடை தூரம். 100, 101 பஸ்களும் காலி வீதி வழியே போகும். ஆனால் மாலை ஐந்து முதல் ஏழரை வரை அந்த வீதியில் பஸ்ஸை நம்பி ஆறரைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது பஸ் அருமை, ரயில் இருக்காது; திரும்பும் ஆட்டோவை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். படம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியில் ஆட்டோ கேட்பதால் அந்தப் பத்து நிமிடம் விலை ஏறியிருக்கும். பெயர் ஓட்டம் முடியும்வரை உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்து கேளுங்கள். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்தவர்களுக்குக் காலிமுகத்திடல் கிட்ட என்பதால் இந்தக் கணக்கு இன்னும் சாதகமாக இருக்கும்.

காசுக் கணக்கு

டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வழக்கமான ஹாலுக்குப் போனால் ஆகும் மொத்தச் செலவு, பெரிய திரைக்குப் போனால் ஆகும் மொத்தச் செலவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைக்கும் படத்தின் நீளத்துக்கும் பிரியுங்கள். உதாரணத்துக்கு மட்டும்: நான்கு பேர், டிக்கெட்டில் தலைக்கு 800 ரூபா வித்தியாசம், போய்வர 1,200 ரூபா கூடுதல். மொத்தம் 4,400. தலைக்கு 1,100. இரண்டரை மணித்தியாலப் படமென்றால் ஒருவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 440 ரூபா கூடுதல். உங்கள் எண்களைப் போட்டு இப்படிப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்: கோணம், படத்தின் உருவம், வெளிச்சம், ஒலி ஆகிய நான்கில் வழக்கமான ஹாலைவிட எத்தனை கூடுகிறது? குறைந்தது மூன்று கூடினால் போகலாம். ஒன்று மட்டும் கூடினால், அந்த ஒன்று உருவமாக இருந்தால் ஒழிய, போக வேண்டாம்.

எங்கள் அபிப்பிராயம், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் கொடுப்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒரு படத்தைத் தெரிந்தெடுத்து, மிகச் சிறந்த ஹாலில் மிகச் சிறந்த இருக்கையில் பார்ப்பது நல்லது. சிற்றுண்டியில் மிச்சம் பிடித்தாலே பல வீடுகளில் அந்த வித்தியாசம் சரியாகிவிடும்.

கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு

படத்துக்காக மட்டும் சென்னைக்கு விமானம் ஏறுவது எந்தக் கணக்கிலும் தகாது. கல்யாணச் சேலைக்கோ வைத்தியத்துக்கோ எப்படியும் போகிறவர் ஒரு பிற்பகலை ஒதுக்குவது தகும். சென்னையில் வடபழனி விஜயா மாலிலும் வேளச்சேரி பீனிக்ஸ் மாலிலும் ஐமேக்ஸ் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் வந்து பாதை மாறினால் வடபழனி; வாடகைக் கார் தேவையில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு பிராட்வேயில் லேசர் ஐமேக்ஸ் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டையில் ஏறத்தாழ 100 அடி அகலமான, எபிக் என்ற வகைப் பெரிய திரை 2019இலிருந்து இயங்குகிறது. சென்னைப் புறநகர் ரயில் அதுவரை போகும்.  இந்தியச் செயலிகளில் நம் வங்கி அட்டைகள் சில வேளை எடுபடாது; அங்குள்ள உறவினரைக்கொண்டு எடுப்பியுங்கள், அல்லது பகல் காட்சிக்குக் கவுண்டரில் எடுங்கள்.

லண்டன், மெல்பேர்ண், ரொறன்ரோவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. 70 மில்லிமீட்டர் பிலிம் பக்கவாட்டில் ஓட, ஒரு சட்டகத்துக்கு பிலிம் ஓரத்தில் 15 துளை என்ற பழைய ஐமேக்ஸ் முறை உலகில் சில டசின் அரங்குகளில்தான் இன்னும் ஓடுகிறது. மெல்பேர்ண் அருங்காட்சியகத்திலுள்ள திரை 32 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம். லண்டன் வாட்டர்லூவில் பிஎஃப்ஐ ஐமேக்ஸ் 20 மீற்றர் உயரம், ஆறு ஏழு மாடி. ரொறன்ரோவைச் சுற்றி மிசிசாகாவிலும் வோனிலும் 2023இல் பிலிம் பிரதிகள் ஓடின. அந்த முறையில் எடுத்த படம் வெளியாகும் மாதத்தில் நீங்கள் அங்கே இருந்தால், எவ்வளவு விலை என்றாலும் பாருங்கள். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. டிக்கெட் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால் விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுங்கள். இருக்கைச் சரிவு செங்குத்தானது; முழங்கால் வலியுள்ள அம்மா, அப்பாவைக் கூட்டிப் போனால் கதவு எந்த வரிசை மட்டத்தில் திறக்கிறது என்று முதலில் கேட்டு, அதற்கு அண்மையில் இடம் பிடியுங்கள்.

உட்கார்ந்த பிறகு

விளம்பரங்கள் ஓடும் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். வெள்ளை நிறம் மஞ்சளாகத் தெரிகிறதா, நான்கு மூலையும் ஒரே வெளிச்சமா, எழுத்தின் ஓரம் கூர்மையா என்று பாருங்கள். பேச்சு திரையின் நடுவிலிருந்து வர வேண்டும். பக்கச் சுவரிலிருந்து வந்தால் நடு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. 2டி படம் முழுக்க அந்திநேரம்போல் மங்கியிருந்தால், முந்தைய 3டி காட்சிக்கு மாட்டிய வடிகட்டி கழற்றப்படாமல் இருக்கலாம். அகலத்திரைப் படத்தில் ஆட்களெல்லாம் மெலிந்து நீண்டு தெரிந்தால் உருவ அமைப்பைத் தவறாகத் தெரிவு செய்துவிட்டார்கள். 3டியில் தலையைச் சாய்த்தால் உருவம் இரண்டாகத் தெரிவது சில கண்ணாடி வகைகளின் இயல்பு. நேராக இருந்து பாருங்கள், அப்போதும் இரண்டாகத் தெரிந்தால்தான் குறை.

இவற்றில் எதைக் கண்டாலும் உடனே எழுந்து போய் வாசலில் நிற்கும் ஊழியரிடம் ஹால் இலக்கத்தையும் குறையையும் ஒரே வசனத்தில் சொல்லுங்கள்: "மூன்றாம் ஹாலில் 3டி வடிகட்டி போட்டபடியே 2டி ஓடுகிறது, ஒப்பரேட்டருக்குச் சொல்லுங்கள்." படம் சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் முகாமையாளரைக் கேளுங்கள். வேறு காட்சிக்கு மாற்றித் தரச் சொல்வதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு போய்ச் சொன்னால் பாதிப் படம் பார்த்துவிட்டீர்களே என்பார்கள். டிக்கெட்டை அதுவரை கிழிக்காமல் கையில் வைத்திருங்கள்.